பதனிட்ட தோலுக்குக் காவல் உண்டு, பாடுபடுவோர் தோலுக்கு?

தோல் ஷாப்பில் வேலை செய்யும் தோழர்களுக்கு ஒரு செய்தி நன்றாகத் தெரியும். குரோமியம் ஏற்றி, டிரம்மிலிருந்து இறக்கி, ஈரம் உலராமல் அடுக்கி வைத்திருக்கும் நீலத் தோலின்மீது, 'வெட் புளூ' என்று நாம் சொல்கிறோமே அதன்மீது, மழைக்காலத்தில் பூசணம் பிடிக்கும். ஒரு மூலையில் கறுப்பாகவோ பச்சையாகவோ புள்ளி தோன்றினால் போதும், அடுக்கு முழுவதற்கும் ஆபத்து. புள்ளி விழுந்த தோலை வாங்க வருகிறவர் ஒதுக்கித் தள்ளுவார், விலை விழும். ஆகவே பதனிடும்போதே பூசணக்கொல்லி மருந்தை அளந்து ஊற்றுகிறார்கள். எந்த மருந்து, எவ்வளவு, எத்தனை நாள் தாங்கும் என்பதற்கெல்லாம் கணக்கு உண்டு. கணக்குப் பார்க்க ஆள் உண்டு. சோதித்துப் பார்க்க ஆய்வுக்கூடம் உண்டு. செத்த மாட்டின் தோலுக்கும் ஆட்டின் தோலுக்கும் இத்தனை காவல்!

அது தவறென்று நாம் சொல்ல வரவில்லை. அந்தத் தோல் கெட்டால் நம் கூலியும் கெடும், காக்கத்தான் வேண்டும். நாம் கேட்பது வேறு. அந்த டிரம்மின் பக்கத்திலே முழங்கால் வரை ரப்பர் பூட்சும், கையிலே உறையும், இடுப்பிலே நனைந்த துணியுமாக நாள் முழுதும் நிற்கிறானே மனிதன், அவன் தோலில் பூசணம் பிடித்தால் அதற்கு என்ன காவல்? பிடித்தது எந்தப் பூசணம் என்று பார்க்க யார் உண்டு? எந்த மருந்து கேட்கும், எது கேட்காது என்று சொல்ல எந்த ஆய்வுக்கூடம் உண்டு?

நீலத் தோலில் பிடிக்கும் பூசணம் வேறு, மனிதன் தோலில் பிடிக்கும் பூசணம் வேறு. அடுக்கிலிருக்கும் புள்ளி நம் தொடைக்குத் தாவிவிடும் என்று யாரும் அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் காவல் என்று வரும்போது ஒன்றுக்கு இருப்பது மற்றொன்றுக்கு ஏன் இல்லை என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

பழைய படை, புதிய பிடிவாதம்

படர்தாமரையைப் பற்றித்தான் பேசுகிறோம். அழகான பெயர், அவலமான நோய். தொடை இடுக்கிலே, இடுப்பைச் சுற்றி, அக்குளிலே, பெண்களுக்கு மார்பின் கீழே வட்டமாகத் தோன்றும். நடு ஆறினாற்போல இருக்கும். ஓரம் சிவந்து படரும். வேலை நேரத்தில் வியர்வை ஊற ஊற அரிப்பு. இரவிலே படுத்தால் தூக்கமில்லாத அரிப்பு. வெளியே சொல்ல வெட்கம். டாக்டரிடம் காட்டவும் வெட்கம்.

இது நேற்று வந்த நோயல்ல. நம் பாட்டிமார் சீமை அகத்தி இலையை அரைத்துப் போட்டார்கள். அந்தச் செடிக்கு 'வண்டுகொல்லி' என்றே ஊரில் பெயர். 1950-களின் கடைசியில் கிரீசியோஃபுல்வின் என்ற மாத்திரை வந்தது. 1990-களில் டெர்பினாஃபின் வந்தது. சில வாரம் தின்றால் படை போய்விடும், போனது சுலபத்தில் திரும்பாது என்று டாக்டர்கள் நம்பிக்கையோடு எழுதிக் கொடுத்த காலம் ஒன்று இருந்தது.

ஏறத்தாழக் கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளாக அந்த நம்பிக்கை ஆட்டங்கண்டுவிட்டது. மாத்திரை தின்றும் போவதில்லை. போனாலும் அடுத்த மாதமே வருகிறது. ஒருவருக்கு வந்தால் வீட்டில் எல்லோருக்கும் வருகிறது. பால் குடிக்கும் குழந்தைக்குக்கூட வருகிறது. இடுப்பில் ஒரு காசளவு வந்த படை முதுகு முழுவதும் படர்கிறது. வடக்கே டில்லியிலிருந்து தெற்கே நம் ஊர்வரை தோல் மருத்துவர்கள் இதையே சொன்னார்கள்.

அப்போது பழி யார்மீது விழுந்தது? உழைப்பவன்மீது! "சுத்தமாக இருப்பதில்லை." "மாத்திரையை ஒழுங்காகத் தின்பதில்லை." "குளிப்பதில்லை." நாள் முழுதும் தண்ணீரிலும் சுண்ணாம்பிலும் நிற்பவனைப் பார்த்து, வேலை முடிந்ததும் இருமுறை சோப்புப் போட்டுக் குளித்துவிட்டு வீட்டுக்குப் போகிறவனைப் பார்த்து, குளிப்பதில்லை என்றார்கள். இந்தப் பழியைப் பெருமளவு துடைத்தது எது தெரியுமா, தோழர்களே? கண்ணுக்குத் தெரியாத அந்தப் பூசணத்தின் மரபணுவில் எழுதியிருந்த எழுத்து!

முகம் ஒன்று, மூலம் வேறு

பூசணத்தை எப்படி இனம் காண்பது? படையின் ஓரத்தைச் சுரண்டி, அந்தப் பொடியைக் கண்ணாடிச் சில்லில் வைத்து, பொட்டாசியம் கார நீர் ஒரு சொட்டு விட்டு நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். நூல்நூலாய்ப் பூசணம் தெரியும். சில நிமிட வேலை. மிகக் குறைந்த செலவு. ஆனால் இது பூசணம் உண்டா இல்லையா என்று மட்டுமே சொல்லும். எந்தப் பூசணம் என்று சொல்லாது.

அதற்கு அந்தப் பொடியை ஊட்டக்கூழில் தூவி வளர்க்க வேண்டும். பாரிசில் இருந்த சபுரோ என்ற டாக்டர் சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் வகுத்த முறை அது. அவர் பெயராலேயே அந்தக் கூழ் இன்றும் வழங்குகிறது. இரண்டு மூன்று வாரத்தில் வெள்ளையாய், பஞ்சாய் வளரும். நிறத்தைப் பார்த்து, அடிப்பக்கத்தைப் பார்த்து, வித்துக்களின் வடிவத்தைப் பார்த்து இன்ன இனம் என்று பெயரிடுவார்கள். நூறாண்டுக்கும் மேலாக இதுதான் வழி.

முகத்தைப் பார்த்து ஆளைச் சொல்லும் இந்த வழியில் ஒரு கோளாறு. இரு வேறு பூசணங்கள் ஒரே முகத்தோடு இருந்தால்? ஒன்று மருந்துக்கு அடங்குவதாகவும் மற்றொன்று அடங்காததாகவும் இருந்தால்?

ஏலகிரி மலைச் சாலையை நினைத்துக்கொள்ளுங்கள். 14 கொண்டை ஊசி வளைவுகள். ஒருவர் கண்ணைக் கட்டிக் கொண்டுபோய் ஏதோ ஒரு வளைவில் இறக்கிவிட்டுக் கட்டை அவிழ்த்தால், எந்த வளைவென்று அவரால் சொல்ல முடியுமா? ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம்; எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஆனால் அந்த வளைவுகளுக்குத் தமிழ்ப் புலவர்கள் முதலானோரின் பெயர் சூட்டிப் பலகை வைத்திருக்கிறார்கள். பலகையில் உள்ள எழுத்தைப் படித்தால் போதும், இடம் தெரிந்துவிடும். மரபணு எழுத்தைப் படிப்பது இந்தப் பலகையைப் படிப்பதுதான்.

உயிருள்ள எதற்கும் அதன் மரபணுவே சாசனம். அந்தச் சாசனம் ஏ, டி, ஜி, சி என்ற நான்கே எழுத்துக்களால் ஆனது. படர்தாமரைப் பூசணத்தின் சாசனத்தில் இரண்டு கோடிக்கும் மேற்பட்ட எழுத்துக்கள். இனம் காண அத்தனையையும் படிக்க வேண்டியதில்லை. சில நூறு எழுத்துக்கள் கொண்ட ஒரு சிறு துண்டு போதும், 'ஐ.டி.எஸ்.' என்று அதற்குப் பெயர். அந்தத் துண்டின் இரு பக்கத்திலும் இருக்கும் எழுத்துக்கள் பூசணம் எல்லாவற்றிலும் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கும். கைப்பிடி போலப் பற்றிக்கொள்ள உதவும். நடுவில் உள்ள எழுத்துக்கள் இனத்துக்கு இனம் மாறும். அதுதான் பெயர்ப்பலகை.

இந்தப் பலகையைப் படிக்கும் ஆற்றல் ஒரே நாளில் வந்ததன்று. மரபணு எழுத்தை வரிசையாகப் படிக்கும் சுலபமான முறையை 1977-இல் இங்கிலாந்தின் சாங்கர் கண்டார். ஒரு துண்டைப் பல கோடி நகலாகப் பெருக்கும் பி.சி.ஆர். முறையை 1983-இல் அமெரிக்காவின் முல்லிஸ் கண்டார். பூசணத்தின் அந்தத் துண்டைப் பற்றிப் பிடிக்கும் கைப்பிடிகளை 1990-இல் அமெரிக்க ஆய்வாளர் நால்வர் வகுத்துக் கொடுத்தனர். 2012-இல் உலகப் பூசண ஆய்வாளர்கள் கூடி, பூசணத்தை இனம் காண இந்தத் துண்டையே பொது அடையாளமாகக் கொள்ளலாம் என்று முன்மொழிந்தனர். கொரோனாக் காலத்தில் மூக்கில் குச்சி விட்டுச் சோதித்தார்களே, அதுவும் இந்த பி.சி.ஆர். குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

டில்லி கண்டது, ஜப்பான் பெயரிட்டது

டில்லியில் வல்லபாய் படேல் மார்பு நோய் ஆய்வு நிலையம் இருக்கிறது. அங்கே டாக்டர் அனுராதா சௌத்ரியும் அவரோடு சேர்ந்தவர்களும் நோயாளிகளிடமிருந்து எடுத்த படர்தாமரைப் பூசணத்தை மருந்தில் வைத்துச் சோதித்தார்கள். டெர்பினாஃபினுக்கு அடங்காத பூசணங்கள் கணிசமாக இருந்ததை 2018-இல் வெளியிட்டார்கள். அடங்காதவற்றின் மரபணுவில் ஒரு குறிப்பிட்ட இடத்தில் எழுத்து மாறியிருந்தது.

அதோடு நிற்கவில்லை. பூசணத்தின் முழுச் சாசனத்தையும் படித்து 2019-இல் வெளியிட்டார்கள். கண்டது என்ன? வேறு வேறு நோயாளிகளிடமிருந்து எடுத்த பூசணங்கள் ஒரே கொடியின் கிளைகளாக இருந்தன. ஒன்றுக்கொன்று மிகமிக நெருங்கியவை. பழைய புத்தகங்களில் எழுதியிருந்த இனங்களிலிருந்து தனியாகப் பிரிந்து நின்றவை.

இதன் பொருளை எண்ணிப் பாருங்கள். ஒவ்வொருவர் உடம்பிலும் அவரவர் அழுக்கில் தனித்தனியாக விளைந்த நோயாக இருந்தால் வகைவகையான பூசணம் அல்லவா கிடைத்திருக்க வேண்டும்? கிடைத்ததோ ஒரே வம்சம்! ஒரு புதிய வம்சம் கிளம்பி, மனிதனுக்கு மனிதன் தொற்றி, நாடெங்கும் பரவியிருக்கிறது. குளிக்காதவன் கதை இங்கே பொய்த்துப் போகிறது. அழுக்குக்காரன் என்று பெயர் வாங்கியவனுக்கு விஞ்ஞானம் கொடுத்த விடுதலைப் பத்திரம் இது.

2020-இல் ஜப்பானில் கானோ என்ற ஆய்வாளரும் அவர் குழுவினரும், அந்நாட்டில் வாழ்ந்த நேபாளி ஒருவரிடமும் இந்தியர் ஒருவரிடமும் இதே பூசணத்தைக் கண்டு, இதைத் தனி இனமாகவே அறிவித்து, 'டிரைகோஃபைட்டான் இண்டோடினியே' என்று பெயர் சூட்டினர். அதே ஆண்டு ஜெர்மானிய ஆய்வாளர்கள் தங்கள் நாட்டிலும் இது பரவி வருவதை அறிவித்தனர்.

நியூயார்க்கில் நடந்ததையும் கேளுங்கள். 2023 மே மாதம் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் இரண்டு நோயாளிகளைப் பற்றி எழுதியது. ஒருவர் வங்கதேசம் போய் வந்தவர். மற்றவர் அண்மையில் எந்த வெளிநாட்டுக்கும் போகாதவர். இருவரிடமிருந்தும் எடுத்த பூசணத்தை வளர்த்துப் பார்த்த ஆய்வுக்கூடம் 'டிரைகோஃபைட்டான் மெண்டாக்ரோஃபைட்டிஸ்' என்று பழைய இனத்தின் பெயரைச் சொல்லிவிட்டது. மாநில அரசின் வாட்ஸ்வொர்த் மையத்தில் அந்த ஐ.டி.எஸ். துண்டைப் படித்தபோதுதான் உண்மை வெளிப்பட்டது. முகம் ஏமாற்றியது, எழுத்து காட்டிக்கொடுத்தது. பணக்கார நாட்டின் ஆய்வுக்கூடமே முகத்தைப் பார்த்து ஏமாந்தது என்றால், கண்ணால் பார்த்து மருந்து கொடுக்கும் நம் ஊர் மருந்துக்கடைக்காரர் என்ன செய்வார்?

397-ஆவது இடத்தில் ஓர் எழுத்து

மருந்து ஏன் கேட்கவில்லை என்பதையும் பார்த்துவிடுவோம். பூசணத்தின் உயிரணுவுக்கு ஒரு சுவர் போன்ற சவ்வு. அந்தச் சவ்வுக்கு எர்கோஸ்டெரால் என்ற பொருள் தேவை. அதைச் செய்யப் பூசணத்துக்குள் ஒரு தொழிற்சாலையே நடக்கிறது. அதில் ஒரு கட்டத்தில் 'ஸ்குவாலீன் எபாக்சிடேஸ்' என்ற இயந்திரம் வேலை செய்கிறது. டெர்பினாஃபின் போய் அந்த இயந்திரத்தின் பல்சக்கரத்தில் ஆப்புப்போலச் செருகிக்கொள்ளும். இயந்திரம் நிற்கும், பூசணம் சாகும்.

புதிய வம்சத்தில் அந்த இயந்திரத்தைச் செய்யச் சொல்லும் சாசனத்தில் ஒரே ஓர் எழுத்து மாறிவிட்டது. அதனால் இயந்திரத்தின் 397-ஆவது கண்ணியில் இருக்க வேண்டிய ஃபினைல் அலனைன் போய் லூசின் வந்து உட்கார்ந்துகொண்டது. சிலவற்றில் 393-ஆவது கண்ணி மாறியிருக்கிறது. சக்கரத்தின் பல் சற்றே மாறியதால் ஆப்பு செருகவில்லை. இயந்திரம் ஓடுகிறது, பூசணம் வாழ்கிறது, உழைப்பவன் மாத்திரை தின்றுகொண்டே இருக்கிறான். மாதச் சம்பளத்தில் மருந்துச் செலவு போய்க்கொண்டே இருக்கிறது.

இந்த வம்சத்தைச் சேர்ந்த எல்லாப் பூசணத்திலும் இந்த மாற்றம் இருப்பதில்லை. இனப்பெயர் ஒரு பலகை. மருந்துக்கு அடங்குமா என்பது மற்றொரு பலகை. இரண்டையும் படித்தால்தான் டாக்டருக்கு முழுச் செய்தி கிடைக்கும். அடங்காது என்று முன்கூட்டியே தெரிந்தால் இட்ரகோனசோல் போன்ற வேறு மருந்துக்கு மாற்றலாம். தெரியாவிட்டால்? பயன்படாத மருந்தையே மாதக்கணக்கில் தின்பதுதான்.

சில மணி நேரச் சுகம்

இந்த வம்சம் இவ்வளவு தழைக்க உரமிட்டது எது? காரணங்கள் பல. வெப்பம், வியர்வை, காற்றுப் புகாத இறுக்கமான உடை, நெருக்கமான குடியிருப்பு, பாதியில் நிறுத்திய மருந்து. ஆனால் தோல் மருத்துவர்கள் ஒரே குரலில் சுட்டிக்காட்டும் காரணம் ஒன்று உண்டு. அதுதான் கலப்புக் களிம்பு.

கடையில் கேட்டால் ஒரு டியூப் கொடுப்பார்கள். அதிலே பூசணக்கொல்லி இருக்கும். பாக்டீரியாக் கொல்லி இருக்கும். அவற்றோடு வீரியமுள்ள ஸ்டீராய்டும் இருக்கும். ஸ்டீராய்டு என்ன செய்யும்? அரிப்பை அடக்கும், சிவப்பை மங்கச் செய்யும். போட்ட சில மணி நேரத்தில் சுகம்! ஆனால் அது பூசணத்தை அடக்கவில்லை. பூசணத்தோடு போராடும் நம் உடம்பின் காவற்படையைத் தூங்க வைத்துவிடுகிறது. காவலர் தூங்கினால் திருடனுக்குக் கொண்டாட்டம். வட்டம் கலைகிறது, ஓரம் மறைகிறது, பூசணம் ஆழமாகவும் அகலமாகவும் பரவுகிறது. பிறகு பார்க்கும் டாக்டருக்கே இது படர்தாமரைதானா என்ற சந்தேகம் வருகிறது. தோல் மெலிந்து, வரிவரியாய் வெடித்து, அந்தத் தழும்பு ஆயுளுக்கும் நிற்கிறது.

இந்தக் களிம்பை வாங்கும் தோழரைக் குறை சொல்லலாமா? டாக்டரைப் பார்க்க ஒரு நாள் வேலையை விட வேண்டும். வேலையை விட்டால் அந்த நாள் கூலி போகும். கடையிலோ நின்ற நிலையில் டியூப் கிடைக்கிறது. இல்லாதவன் கணக்கு அது. அதில் புத்திக் குறைவு ஏதுமில்லை. குற்றம் டியூப்பை விற்கவிட்ட ஏற்பாட்டில் இருக்கிறது. 2018-இல் மத்திய அரசு, தோலில் பூசும் ஸ்டீராய்டு மருந்துகள் பலவற்றை டாக்டர் சீட்டில்லாமல் விற்கக்கூடாது என்று 'எச்' அட்டவணையில் சேர்த்தது. சட்டம் ஏட்டில் இருந்தால் போதுமா? கடைத்தெருவுக்கு வர வேண்டாமா?

நம் வட்டாரத்துக்கென்றே ஒரு தனிச் சிக்கலும் இருக்கிறது. குரோமியமும் மற்ற இரசாயனங்களும் பட்டுக் கையிலும் காலிலும் வரும் ஒவ்வாமைப் புண் ஒன்று உண்டு. அதற்கு டாக்டர்கள் ஸ்டீராய்டுக் களிம்பைத்தான் எழுதுவார்கள். அங்கே அது சரியான மருந்து. படர்தாமரைக்கு அதுவே நஞ்சு. இரண்டும் அரிக்கும், இரண்டும் சிவக்கும். ஒன்றுக்கு மருந்தாவது மற்றொன்றுக்கு எதிரி! அப்படியிருக்க, சுரண்டிப் பார்க்காமல், பக்கத்து டேபிள்காரர் போட்டார் என்று நாமும் போடலாமா? டியூப்பை ஆளுக்கு ஆள் கைமாற்றலாமா?

பெயரில் இந்தியா, பட்டியலில் இல்லை

நோயின் பெயரில் நம் மண் ஏறுவது இது முதல் தடவையன்று. 1842-இல் மதுரையில் கில் என்ற ஆங்கில டாக்டர், வெறுங்காலோடு வயலில் உழைப்போருக்கு வரும் கொடிய கால்வீக்கத்தைப் பற்றி எழுதினார். 'மதுரைக் கால்' என்று உலக மருத்துவப் புத்தகங்களில் அது ஏறிவிட்டது. அது பூசணத்தால் வருவது என்பதை 1860-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பம்பாயில் இருந்த கார்ட்டர் விளக்கினார். அன்று மதுரை, இன்று 'இண்டோ'. பெயர் மட்டும் நமக்கு, மருந்து?

2022 அக்டோபரில் உலக சுகாதார நிறுவனம், உலகம் முதலில் கவனிக்க வேண்டிய பூசணங்கள் என்று 19 வகைகளைப் பட்டியலிட்டது. மதுரைக் கால் அதில் இருக்கிறது, நல்லது. படர்தாமரைப் பூசணம் அதில் இல்லை. உள்ளுறுப்பைத் தாக்கி உயிர் குடிக்கும் பூசணங்களை முன்வைத்துப் போட்ட பட்டியல் அது என்று காரணம் சொல்வார்கள். காரணம் நியாயமாகவே இருக்கட்டும். ஆனால் ஆளைக் கொல்லாமல், ஆனால் விடாமல், தூக்கத்தையும் கூலியையும் மானத்தையும் அரித்துத் தின்னும் நோயை எந்தப் பட்டியலில் எழுதுவது?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தொழுநோய்க் கிருமியின் முழு மரபணுச் சாசனத்தை 2001-இல் முதன்முதலாகப் படித்து வெளியிட்டார்கள். அந்தக் கிருமி வம்சத்தின் பெயர் 'டி.என்.'. தமிழ்நாட்டு நோயாளி ஒருவரிடமிருந்து எடுத்தது அது. உலக விஞ்ஞானத்துக்குத் தமிழ்நாட்டு ஏழையின் தோல் கொடுத்த கொடை! கொடுத்த இடத்துக்குப் பலன் திரும்பி வர வேண்டும் என்று கேட்பது பேராசையா?

"அரிப்புக்கு மரபணுச் சோதனையா?"

இப்படிக் கேட்பவர்கள் இருப்பார்கள். "ஏழை நாடு, ஆயிரம் நோய் இருக்கிறது, சொறி சிரங்குக்கெல்லாம் மரபணுவைப் படிக்க முடியுமா?" என்பார்கள். தோல் ஷாப் அனுபவத்திலிருந்தே இதற்குப் பதில் சொல்லலாம். டிரம்மில் குரோமியம் உள்ளே வரை ஏறிவிட்டதா என்று பார்க்க எல்லாத் தோலையும் கொதிநீரில் போடுகிறோமா? ஒரு துண்டை வெட்டிப் போட்டுப் பார்க்கிறோம். அது சுருங்காமல் நின்றால் டிரம் முழுவதும் தேறிவிட்டதென்று அறிகிறோம். அதே முறைதான் இங்கும்.

படை வந்த ஒவ்வொருவருக்கும் மரபணுச் சோதனை வேண்டும் என்று நாம் கேட்கவில்லை. மருத்துவமனைக்கு வரும் ஒவ்வொருவருக்கும் சுரண்டிப் பார்க்கும் அந்தச் சில நிமிடச் சோதனை வேண்டும். ஒழுங்காக மருந்து தின்றும் அடங்காதவர்களின் பூசணத்தை வளர்த்துப் பார்க்க வேண்டும். வளர்ந்தவற்றில் மாதந்தோறும் சிலவற்றை எடுத்து எழுத்தைப் படிக்க வேண்டும். ஆம்பூரில் எந்த வம்சம், வாணியம்பாடியில் எந்த வம்சம், பேர்ணாம்பட்டில், இராணிப்பேட்டையில் எது, எந்த மருந்து கேட்கிறது என்று ஆண்டுக்கு ஒரு முறையாவது டாக்டர்களுக்கு அறிக்கை கொடுக்க வேண்டும். துண்டைச் சோதித்து டிரம்மை அறிவதுபோல, சிலரைச் சோதித்து ஊரை அறியலாம்.

இதற்கு வசதி இல்லையா? நம் வேலூரிலே இருக்கிறது. 1986-இல் சென்னையிலிருந்து அனுப்பிய இரத்த மாதிரிகளில் எய்ட்ஸ் தொற்றை இந்தியாவில் முதன்முதலாகக் கண்டறிந்து சொன்னது வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் ஆய்வுக்கூடம். கொரோனாவின் வம்சங்களைப் பிரித்தறிய 2021-இல் தமிழ்நாடு அரசே சென்னை தேனாம்பேட்டையில் மரபணு ஆய்வுக்கூடம் தொடங்கியது. அன்று 'டெல்டா' என்றும் 'ஒமைக்ரான்' என்றும் திண்ணையில் உட்கார்ந்து பேசினோமே, அந்தப் பெயர்களெல்லாம் எழுத்தைப் படித்ததால் வந்தவைதாம். கிருமிக்குக் காட்டிய அக்கறையைப் பூசணத்துக்கும் காட்டுவதற்குத் தடை என்ன? கருவி இருக்கிறது, கற்றவர்கள் இருக்கிறார்கள். கேட்பார் குரல்தான் இன்னும் எழவில்லை.

மேலும் இது இரந்து பெறுவதன்று. தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டம் 1948-இல் வந்தது. 2019 ஜூலை முதல் நம் கூலியில் நூற்றுக்கு முக்கால் ரூபாயும் முதலாளி பங்காக நூற்றுக்கு மூன்றேகால் ரூபாயும் ஈ.எஸ்.ஐ.க்குப் போகிறது. நாம் கட்டிய பணம் அது. படர்தாமரையைச் சுரண்டிப் பார்க்க ஒரு நுண்ணோக்கியும், பார்க்கத் தெரிந்த ஒருவரும் ஒவ்வொரு ஈ.எஸ்.ஐ. மருந்தகத்திலும் இருக்க வேண்டும் என்று கேட்பது நம் உரிமை.

நம் கையில் இருப்பது

கேட்டுக்கொண்டே சும்மா இருக்கலாகாது. நம்மால் ஆவதை நாமும் செய்ய வேண்டும். டாக்டர் சீட்டில்லாமல் எந்தக் களிம்பையும் வாங்குவதில்லை என்று முடிவு செய்யுங்கள். ஏற்கெனவே போட்டுக்கொண்டிருப்பவர் அந்த டியூப்பையே எடுத்துக்கொண்டு போய் டாக்டரிடம் காட்டட்டும், மறைக்க வேண்டாம். அரிப்பு நின்றதும் மருந்தை நிறுத்தாதீர்கள். டாக்டர் சொன்ன நாள்வரை தின்னுங்கள். பாதியில் நிறுத்தினால் சாவது வலுவற்ற பூசணம். பிழைப்பது வலுத்த பூசணம்.

வீட்டில் மனைவிக்கோ தாய்க்கோ குழந்தைக்கோ படை இருந்தால் எல்லோரும் ஒரே சமயத்தில் வைத்தியம் செய்துகொள்ளுங்கள். ஒருவருக்கு மட்டும் செய்தால் பூசணம் வீட்டுக்குள்ளேயே சுற்றிவரும். ஷூ கம்பெனிகளிலே தையல் மெஷினில் உட்கார்ந்து வேலை செய்யும் நம் சகோதரிகள் வெட்கத்தால் மறைத்து மறைத்து நோயை வளர்த்துக்கொள்கிறார்கள். அவர்கள் தயங்காமல் காட்ட வீட்டார்தான் துணை நிற்க வேண்டும். துண்டு, உள்ளாடை, படுக்கை விரிப்பு ஆளுக்கு ஒன்று. சுடுநீரில் துவைத்து நல்ல வெயிலில் உலர்த்துங்கள். நனைந்த துணியோடு வேலை முடியும்வரை இருக்காதீர்கள்; மாற்று உடை மாற்ற இடம் வேண்டும், குளிக்கத் தண்ணீர் வேண்டும் என்று ஷாப்பில் கேளுங்கள். தனியே ஒருவர் கேட்டால் தயவு. சங்கமாகக் கேட்டால் உரிமை.

ஒவ்வொரு தோழரும் இந்த மாதம் ஒரு காரியம் செய்யலாம். உங்கள் பகுதியில் ஆறு மாதத்துக்கு மேலாகப் படை போகாமல் தவிப்போர் எத்தனை பேர் என்று வீடுவீடாகக் கேளுங்கள். பெயரைக் குறிக்க வேண்டாம், மானம் அவர்களுடையது. எண்ணிக்கையை மட்டும் குறியுங்கள். என்ன மாத்திரை தின்றார்கள், என்ன டியூப் போட்டார்கள் என்று குறியுங்கள். அந்தக் கணக்கோடு மாவட்ட சுகாதார அதிகாரியிடமும் ஈ.எஸ்.ஐ. அதிகாரியிடமும் சங்கத்தின் சார்பில் போய் நில்லுங்கள். "எங்களிடம் எண்ணிக்கை இருக்கிறது, உங்களிடம் கருவி இருக்கிறது, எழுத்தைப் படித்துச் சொல்லுங்கள்" என்று கேளுங்கள்.

பாலாற்றங்கரையில் பதனிட்ட தோல் கப்பலேறி உலகமெல்லாம் செருப்பாகவும் பையாகவும் போகிறது. அதிலே ஒரு புள்ளி விழாமல் காக்கத் தெரிந்த நாட்டுக்கு, அதைப் பதனிட்டவர் தோலில் விழுந்த புள்ளியைப் படித்துச் சொல்லத் தெரியாதா? தெரியும்! செய்ய வைக்க வேண்டியது நம் பொறுப்பு.